கவசத்துக்குள் என்ன இருக்கிறது?

பொங்கல் விடுமுறைக்கு என் தங்கை மகன் கோயம்புத்தூரிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வந்திருந்தான். இன்ஜினீயரிங் மாணவன். வந்த பையன் கரும்பைத் தொடவில்லை. திருச்சுழி கோவிலுக்குப் போய் வரலாம் என்றால், "நீங்கள் போய் வாருங்கள் மாமா" என்கிறான். திண்ணையில் உட்கார்ந்து, மடியில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா தேடுகிறாய்?"

"பிளேட் தேடுகிறேன் மாமா. இருந்த பிளேட் உடைந்துவிட்டது."

உள்ளே இருந்த என் மனைவி காதில் இது விழுந்தது. "பிள்ளைக்குத் தட்டு வேண்டுமாம்!" என்று எவர்சில்வர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டாள்.

அவன் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! தெருவே திரும்பிப் பார்த்தது.

அவன் தேடியது சாப்பாட்டுத் தட்டு அல்ல. ஒரு சிப்பாயின் மார்புச் சட்டைக்குள் செருகுகிற தகடு! குண்டு பாய்ந்து பழைய தகடு நொறுங்கிவிட்டதாம். புதிய தகடு கிடைக்காமல் அடுத்த சண்டைக்குப் போக மாட்டானாம்.

இந்த மாதிரி விளையாட்டுகளை எனக்கு அடியோடு பிடிக்காது. நாலு வார்த்தை திட்டலாம் என்றுதான் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் விளக்கு வைக்கிற நேரம் வரை எழுந்திருக்கவில்லை. அன்று நான் தெரிந்துகொண்ட விஷயத்தை வாசகர்களுக்கும் சொல்லியாக வேண்டும்.

வேடம் கட்டும் விளையாட்டு

நம் பக்கத்துத் திருவிழா நாடகங்களில் ராஜபார்ட் வேடம் கட்டுவார்கள் அல்லவா? அதுபோல, இந்த விளையாட்டில் ஆடுகிறவன் ஒரு சிப்பாய் வேடம் ஏற்கிறான். பணம் சேர்க்கிறான், சாமான் வாங்குகிறான், சண்டைக்குப் போகிறான். 'எஸ்கேப் ஃப்ரம் டார்கோவ்' என்று பெயர். ரஷ்யாக்காரர்கள் செய்தது. டார்கோவ் என்பது கற்பனை நகரம். அங்கிருந்து தப்பி வருவதுதான் ஆட்டம். செத்துப்போனால் மேலே போட்டிருந்ததெல்லாம் போச்சு! சாமான்களுக்கு இன்ஷூரன்ஸ் கூட உண்டு என்றான். நம் மிளகாய்க் காட்டுக்கு இன்ஷூரன்ஸ் பணம் வருவதைவிடச் சீக்கிரம் வந்துவிடும் போலிருக்கிறது.

இதில் கவசம் எப்படி வேலை செய்கிறது?

முன்பெல்லாம் ஒரு சட்டைக்கு ஒரே கணக்குத்தான். மாட்டிக்கொண்டால் மார்பு முழுவதற்கும் பாதுகாப்பு. 2023 டிசம்பரில் இதை மாற்றினார்கள். இப்போது சட்டை வேறு, தகடு வேறு. சட்டையில் தைத்திருப்பது மெத்தென்ற இழைத்துணி. அது கைத்துப்பாக்கிக் குண்டுக்குத் தாக்குப்பிடிக்கும். நீண்ட துப்பாக்கியின் ரவைக்குத் தாக்குப்பிடிக்காது. ஆகவே சட்டையின் முன்னும் பின்னும் உள்ள பைகளில் கெட்டியான தகடுகளைச் செருக வேண்டும். சில சட்டைகளுக்கு விலாவிலும் தகடு உண்டு. குண்டு தகட்டில் பட்டால் பிழைத்தான். தகடு இல்லாத இடத்தில் பட்டால் துணியை நம்ப வேண்டியதுதான்.

கவசங்களுக்கு ஒன்று முதல் ஆறு வரை தரம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஆயுள் இருக்கிறது. குண்டு பட்டால் ஆயுள் குறையும். ஆயுள் குறையக் குறைய, அடுத்த குண்டு துளைத்துக்கொண்டு போவதற்கான வாய்ப்பு கூடும். குண்டு நின்றாலும் அடியின் அதிர்ச்சியில் கொஞ்சம் உடம்புக்குள் இறங்கும். ரிப்பேர் செய்யலாம், ஆனால் பழைய பலம் திரும்பாது. பீங்கான் தகடாக இருந்தால் ரிப்பேருக்குப் பிறகு இன்னும் மோசம்.

கனமும் உண்டு. கனமான கவசத்தைப் போட்டவனால் வேகமாக ஓட முடியாது. சட்டென்று திரும்பவும் முடியாது.

"இத்தனை தொல்லையை எதற்கப்பா விலை கொடுத்து வாங்குகிறாய்?" என்று கேட்டேன்.

"தகடு இல்லாமல் போகிறவன் முட்டாள், மாமா" என்றான்.

இந்த வாக்கியத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வேலை இருக்கிறது.

எல்லா விளையாட்டும் இவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை. வேடமேற்று ஆடும் விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்த அண்ணன், 1974-இல் அமெரிக்காவில் வந்த 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்.' மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி ஆடுவது. அதில் கவசம் அடியைக் குறைக்காது. அடி விழுவதையே கஷ்டமாக்கும். எதிரியின் பகடையில் பெரிய எண் விழ வேண்டும், அவ்வளவுதான். 'கால் ஆஃப் டியூட்டி வார்சோன்' என்ற யுத்த விளையாட்டில் மூன்று தகடுகள். தகட்டுக்கு 50 புள்ளி. உடைந்தால் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் வேறொன்றைச் செருகிக்கொள்ளலாம்.

நம்மூர்ப் பையன்கள் கம்ப்யூட்டருக்கு எங்கே போவார்கள்? அவர்களுக்கு செல்போன்தான். கண்மாய்க்கரை வேப்பமர நிழலில் நாலைந்து பேர் தலையைக் கவிழ்த்துக்கொண்டு 'பப்ஜி' ஆடுவதைப் பார்க்காதவர் யார்? மத்திய சர்க்கார் 2020 செப்டம்பரில் அதைத் தடை செய்தது. 2021 ஜூலையில் இந்தியாவுக்கென்று வேறு பெயரில் வந்தது. 2022 ஜூலையில் மறுபடி மறைந்து, 2023 மே மாதத்தில் மறுபடி முளைத்தது. சீமைக் கருவேலத்தை வெட்டின கதைதான்!

அதில் மார்புச் சட்டைக்கும் ஹெல்மெட்டுக்கும் மூன்று நிலைகள். முதல் நிலை, அடியில் 30 சதவீதத்தைக் குறைக்கும். இரண்டாவது 40. மூன்றாவது 55. வாய்ப்பாடு பதினாறாவது வரியில் தடுமாறுகிற பையன்கள் இந்தக் கணக்கைத் தூக்கத்திலும் சொல்வார்கள்.

கர்ணன் கவசமும் நெசவாளி கவசமும்

நமக்குத் தெரிந்த பெரிய கவசக்காரன் கர்ணன். 1964-இல் வந்த படத்தில் சிவாஜி கணேசன் அதை அறுத்துக் கொடுக்கிற கட்டத்தில் கொட்டகையில் அழாதவர்கள் குறைவு. பிறக்கும்போதே உடம்போடு வந்த கவசம். தேயாது, உடையாது, கனக்காது. இந்திரன் வந்து யாசகம் கேட்டால்தான் போகும்.

அப்படிப்பட்ட கவசம் கதையில் மட்டும்தான் உண்டு. மனிதன் செய்கிற கவசம் நேர் எதிரானது. அது நமக்குப் பதிலாக உடைவதற்காகவே செய்யப்படுவது!

நிஜமான குண்டு துளைக்காத சட்டையைப் பாருங்கள். அதன் மெத்தென்ற பாகம் வேறொன்றும் இல்லை, நெய்த துணிதான். பாவும் ஊடையும் உள்ள துணி. தறிச் சத்தத்தில் வளர்ந்த அருப்புக்கோட்டைக்காரனுக்கு இதைவிட ஆச்சரியம் என்ன வேண்டும்? 1965-இல் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியில் வேலை பார்த்த ஸ்டெஃபனி குவாலெக் என்ற பெண்மணி கண்டுபிடித்த பொருளிலிருந்து 'கெவ்லார்' நூல் வந்தது. எடைக்கு எடை பார்த்தால் எஃகைவிடப் பல மடங்கு பலம். அந்த நூலில் நெய்த துணியைப் பல அடுக்காக வைத்துத் தைக்கிறார்கள். குண்டு வந்து மோதும்போது, மோதிய இடத்து இழை தன் பாரத்தைக் குறுக்கே போகிற இழைக்குக் கொடுக்கிறது. அது அடுத்ததற்குக் கொடுக்கிறது. வலையில் விழுந்த பந்து மாதிரி குண்டு வேகம் இழக்கிறது.

துணியால் கவசம் செய்வது புதிய வித்தை அல்ல. 18-ஆம் நூற்றாண்டில் மைசூர்ப் படையினர் பஞ்சு வைத்துத் தைத்த கவசம் அணிந்தார்கள். அவற்றில் சில இன்று இங்கிலாந்து அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கரிசல் காட்டில் விளைகிற பருத்தி, வேட்டியாவதோடு நிற்கவில்லை. ஒரு காலத்தில் வாளையும் தடுத்திருக்கிறது.

கூர்மையான, வேகமான ரவைக்குத் துணி போதாது. அங்கேதான் செருகு தகடு வருகிறது. அதன் முகம் பீங்கான். நாம் ஊறுகாய் போடுகிற ஜாடிப் பீங்கான் அல்ல. அலுமினா, சிலிக்கன் கார்பைடு, போரான் கார்பைடு போன்ற மகா கெட்டியான வகை. முதுகில் இழை அடுக்கு. ரவை மோதியதும் பீங்கான் ரவையின் மூக்கை நசுக்கித் தானும் நொறுங்குகிறது. அடி ஒரு புள்ளியில் இறங்காமல் பரவுகிறது. முதுகிலுள்ள அடுக்கு நொறுங்கின துண்டுகளைப் பிடித்துக்கொள்கிறது. கான்பூரிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் செய்த சட்டை பற்றி 2024 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. இந்திய தரக் கணக்கின்படி ஆறாம் நிலை ரவைகளைத் தடுப்பதில் நம் நாட்டிலேயே எடை குறைந்த சட்டை என்றார்கள். அதன் முன் தகடு ஆறு ரவைகளைத் தாங்கியது. ஆறு என்பது பெரிய சாதனை! ஏனென்றால், ஒரு ரவை பட்ட பீங்கானில் விரிசல் ஓடியிருக்கும். அதே இடத்தில் அடுத்தது பட்டால் ஆபத்து. தகட்டைக் கைதவறிக் கீழே போட்டாலே கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழலாம்.

ஆக, பையனின் விளையாட்டு உண்மையைத்தான் சொல்கிறது. சட்டை என்பது பை. காப்பாற்றுவது உள்ளே இருப்பது. உள்ளே இருப்பது செலவாகிற சாமான்.

பொய் சொல்கிற இடமும் ஒன்று உண்டு. அங்கே செத்தவன் அடுத்த ஆட்டத்துக்கு வந்துவிடுகிறான்.

எங்கள் தெருப் பையன்

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு தறிக்காரர். அவருக்கு ஒரே மகன். செல்போன் சண்டையில் சூரன். 'மூன்றாம் நிலை ஹெல்மெட் கிடைக்காமல் வெட்டவெளிக்கு வராதே' என்று சின்னப் பையன்களுக்குப் பாடம் எடுப்பான். விளையாட்டு ஹெல்மெட்டுக்குப் பளபளப்பான அலங்காரம் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினான். அந்த அலங்காரத்தால் ஒரு சதவீதப் பாதுகாப்பும் கூடுதலாகக் கிடையாது. வெறும் ஜிகினா!

மோட்டார் சைக்கிளில் போகும்போது மட்டும் அவனுடைய நிஜ ஹெல்மெட் முழங்கையில் தொங்கும். போலீசைக் கண்டால் தலைக்கு ஏறும். முழங்கைக்குள் மூளை இருக்கிறவர்கள் அப்படிச் செய்யலாம், குற்றமில்லை.

மதுரை – தூத்துக்குடி நான்கு வழிச் சாலை நம் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. சென்ற வருடம் ஒரு நாள் சாயங்காலம், அந்தச் சாலையைக் கடக்கும்போது அவன் விழுந்தான். லாரி மோதவில்லை, பஸ் மோதவில்லை. மணலில் சக்கரம் வழுக்கியது. முழங்கையில் இருந்த ஹெல்மெட்டுக்கு ஒரு கீறல் இல்லை.

உயிர் பிழைத்தான். மதுரையில் நாற்பது நாள் கிடந்தான். தறி ஒன்று விற்றுப்போயிற்று. இப்போது வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறான். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால், சற்று நேரம் யோசித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான். பழைய கூட்டாளிகள் அவன் கையில் செல்போனைக் கொடுத்துப் பார்த்தார்கள். எந்தப் பொத்தான் எதற்கென்று அவனுக்கு மறந்துவிட்டது.

அவன் அம்மா என்னிடம் ஒரு தடவை கேட்டாள்: "அண்ணே, விளையாட்டிலே மாட்டத் தெரிஞ்ச பிள்ளைக்கு ரோட்டிலே ஏன் தெரியலை?"

எனக்குப் பதில் தெரியவில்லை. என் தங்கை மகனோடு உட்கார்ந்த அன்றுதான் கொஞ்சம் புரிந்தது.

விளையாட்டில் ஒவ்வொரு அடிக்கும் கணக்கு கண்ணெதிரே தெரிகிறது. தகட்டில் ஆயுள் இவ்வளவு மிச்சம், உடம்பில் உயிர் இவ்வளவு மிச்சம் என்று எண் ஓடுகிறது. சாலையில் எந்த எண்ணும் ஓடுவதில்லை. நூறு தடவை ஹெல்மெட் இல்லாமல் போய் நூறு தடவையும் வீட்டுக்கு வந்து சேர்ந்தவனுக்கு, அந்தச் சாமானின் பயன் எப்படித் தெரியும்? சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2015 ஜூலை முதல் தேதியிலிருந்து ஹெல்மெட் கண்டிப்பாக்கப்பட்டது. 2022 அக்டோபரில் அபராதம் ஆயிரம் ரூபாய் ஆயிற்று. பையன்கள் ஹெல்மெட்டைப் போலீசுக்கு எதிரான கவசமாகத்தான் நினைக்கிறார்கள்!

தெர்மாகோல் ரகசியம்

ஹெல்மெட்டிலும் செருகு தகடு இருக்கிறது. பலருக்கு இது தெரியாது.

வெளி ஓடுதான் காப்பாற்றுகிறது என்று நினைக்கிறோம். ஓடு பாதி வேலைதான் செய்கிறது. உள்ளே, மெத்தைத் துணிக்கும் ஓட்டுக்கும் நடுவில், விரல் தடிமனுக்குக் குறையாமல் ஒரு வெள்ளை அல்லது கறுப்பு அடுக்கு இருக்கும். டெலிவிஷன் பெட்டியோடு வருகிற தெர்மாகோலின் நெருங்கிய உறவு அது. இன்னும் கெட்டியாக அழுத்தியது. தலை தரையில் மோதும்போது இந்த அடுக்கு நசுங்குகிறது. நசுங்குகிற நேரத்தில் தலையின் வேகம் படிப்படியாகக் குறைகிறது. முட்டையைக் கருங்கல்லில் போடுவதற்கும் பருத்திப் பொதியில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் எதுவோ, அதுதான் இது.

நசுங்கின தெர்மாகோல் மறுபடி உப்பாது. அதனால் ஒரு தடவை பலமாக விழுந்தால் அந்த ஹெல்மெட்டின் கதை முடிந்தது. வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே தகடு செலவாகியிருக்கும். அதைப் பாதி விலைக்கு வாங்குகிறவன், விளையாட்டில் உடைந்த தகட்டைப் பொறுக்கிப் போட்டுக்கொள்கிறவனுக்குச் சமானம்.

பல நாட்டு ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிள் விபத்தில் ஹெல்மெட் உயிரிழப்பு அபாயத்தை 42 சதவீதம் குறைக்கிறது. தலைக்காய அபாயத்தை 69 சதவீதம் குறைக்கிறது. செல்போனின் மூன்றாம் நிலை ஹெல்மெட் 55 தான், தம்பிகளே!

"இந்த வெயிலில் போட்டால் தலை வெந்துவிடும்" என்கிறார்கள். வாஸ்தவம். சித்திரை மாதத்தில் திருச்சுழி ரோட்டில் போகிறவன் படுகிற பாட்டை, குளிர்சாதன அறையில் இருந்துகொண்டு யாரும் கேலி செய்யக்கூடாது. உள்ளே ஒரு மெல்லிய பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டால் வேர்வை கண்ணில் இறங்காது. அதற்கு மேல் வருகிற தொல்லை, கவசத்தின் கனம். டார்கோவில் அதைப் பொறுத்துக்கொள்கிற பிள்ளைகள் அருப்புக்கோட்டையில் பொறுக்கக் கூடாதா?

போலீசாருக்கும் ஒரு வார்த்தை. தலைமேல் ஏதாவது கவிழ்ந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து அனுப்பினால், ஜனங்கள் ஏதாவது ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டுதான் வருவார்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டுகளைச் செய்வதும் விற்பதும் 2021 ஜூன் முதல் தேதியிலிருந்து கூடாது. சாலையோரத்தில் விற்கிறது, எல்லாருக்கும் தெரியும். வாகனத்தை நிறுத்தும்போது ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லி உள்ளே பாருங்கள். பள்ளிக்கூடத்தில் பிரசங்கம் செய்வதற்குப் பதில், ஒரு நல்ல ஹெல்மெட்டையும் ஒரு போலி ஹெல்மெட்டையும் ரம்பத்தால் இரண்டாக அறுத்து மேஜையில் வையுங்கள். "தகடு எதில் இருக்கிறது?" என்று கேளுங்கள். அந்தப் பையன்கள் ஒரு நொடியில் காட்டிவிடுவார்கள். அவர்களுக்கு அந்தப் பாஷை தெரியும். நமக்குத்தான் தெரியாது.

இதையெல்லாம் அன்று இரவே என் தங்கை மகனிடம் ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் பேசாமல் எழுந்து போய், ஆணியில் தொங்கிய என் ஹெல்மெட்டை எடுத்து வந்தான். அபராதத்துக்குப் பயந்து பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாலையோரத்தில் இருநூற்றைம்பது ரூபாய்க்கு நான் வாங்கியது. உள்துணியை விலக்கினான். கட்டை விரலால் அழுத்தினான். பிளாஸ்டிக் ஓடு 'டப்' என்று உள்வாங்கி வெளியே வந்தது.

"மாமா, இதில் தகடே இல்லை" என்றான்.

அவன் சொன்ன அந்த வாக்கியம் எனக்கு ஞாபகம் வந்தது. தகடு இல்லாமல் போகிறவன் யார் என்று! பிள்ளை மரியாதை தெரிந்தவன். அதைத் திரும்பச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் இருவருமாகக் கடைக்குப் போனோம். முத்திரை, அளவு, தாடைவார் எல்லாவற்றையும் அவனே பார்த்து எடுத்துக் கொடுத்தான். பழையதைத் தூக்கி எறிய என் மனைவிக்கு மனம் வரவில்லை. உள்ளே வைக்கோலைத் திணித்துக் கொல்லையில் வைத்தாள். இப்போது அதில் கோழி அடை காக்கிறது.